மாடி வீட்டுக் கொரியப் பாட்டி கொடுத்த சோற்று உருண்டை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வசந்த்குஞ்ச்_வாசி

வணக்கம். தில்லி வசந்த் குஞ்சில் பதினான்கு வருடமாக இருக்கிறோம். எங்கள் மேல் மாடியில் ஒரு கொரியக் குடும்பம். போன வருடம் வீட்டுக்காரரின் அம்மாவும் வந்து சேர்ந்தார். எண்பதைத் தாண்டியவர். அவருக்கு இந்தியும் ஆங்கிலமும் வராது, எனக்குக் கொரிய மொழி வராது. ஆனாலும் வெயில் தாழ்ந்ததும் கீழே வேப்பமரத்தடி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருப்போம். முதல் நாள் என் மகள் மாடியிலிருந்து "அம்மா" என்று கூப்பிட்டபோது, தன்னைக் கூப்பிட்டது போல அவர் நிமிர்ந்து பார்த்தார்.

ஜூன் 25 காலையில் அவருடைய மருமகள் ஒரு தட்டு கொண்டுவந்து கொடுத்தார். உள்ளங்கையில் பிடித்த வெள்ளைச் சோற்று உருண்டை நான்கு, அவித்த உருளைக்கிழங்கு இரண்டு. உப்பைத் தவிர எதுவும் இல்லை. தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாதே என்று மைசூர்பாகு வைத்து மேலே எடுத்துப் போனேன். "இன்றைக்கு என்ன பண்டிகை?" என்று கேட்டேன். மருமகளின் முகம் மாறிவிட்டது. "இன்று யுகியோ. போர் தொடங்கிய நாள்" என்றார்.

அப்புறம் வாசலில் நின்றபடியே சொன்னார். பாட்டியின் ஊர் வட கொரியாவில் ஹாம்ஹங். 1950 டிசம்பரில், ஏழு வயதில், அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கப்பல் ஏறினாராம். அப்பாவும் அண்ணனும் அடுத்த கப்பலில் வருவதாகச் சொன்னார்களாம். வரவில்லை. இன்று வரை ஒரு தகவலும் இல்லை. எழுபது வருடத்துக்கு மேலாகிறது. அந்தக் கதை கேட்ட கையோடு மைசூர்பாகுத் தட்டை அங்கே வைத்துவிட்டு இறங்கி வந்தேன். இரவு தூக்கம் வரவில்லை.

இரண்டு கேள்விகள். ஒன்று, இதைப் பற்றி அவரிடம் நானாகப் பேசலாமா, பேசாமல் இருப்பதுதான் மரியாதையா? இரண்டு, பழகிய புதிதில் அவர் என் கையைப் பிடித்து "இந்தோ, இந்தோ" என்றார். இந்தியாவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பிறகு தன் முழங்கைத் தழும்பைக் காட்டி "தேகு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாருக்காவது புரிகிறதா?

ஆர்கேபுரம்_பெரியவர்

அம்மா, இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். நான் ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தேகு என்பது தென் கொரியாவில் ஒரு பெரிய ஊர். அந்தக் கொரியப் போருக்கு இந்தியா சண்டை போடப் படை அனுப்பவில்லை, மருத்துவர்களைத்தான் அனுப்பியது. 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் 1950 நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கியது. தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். 1941-இல் பாராசூட்டில் குதித்த முதல் இந்திய அதிகாரி அவர்தான்.

எங்கள் பயிற்சி நாட்களில் வாத்தியார்கள் திரும்பத் திரும்பச் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. அந்த டிசம்பரில் சீனப் படை இறங்கி, ஐ.நா. படையினர் எல்லோரும் வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்கினார்கள். இவர்களுக்கு வண்டி கிடைக்கவில்லை. மருத்துவச் சாமான்களைப் போட்டுவிட்டு வர மனமில்லாமல், கைவிடப்பட்ட ஒரு ரயில் எஞ்சினைத் தேடிப்பிடித்து, சாமானெல்லாம் ஏற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு பாலம் தகர்க்கப்படும் முன் ஆற்றைக் கடந்தார்கள். அந்தப் பெட்டிகளில் இருந்த மருந்துக்கு எத்தனை உயிர் கடன்பட்டிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். 1951 மார்ச்சில் முன்சான் என்ற இடத்தில் அமெரிக்கப் படையோடு ஆகாயத்திலிருந்து குதித்து, காயம்பட்டவர்களுக்கு அங்கேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

உங்கள் பாட்டிக்கு முக்கியமானது இது: அந்தப் பிரிவில் ஒரு பாதி தேகுவில் தங்கி, பொதுமக்களுக்கு வைத்தியம் பார்த்தது. அவர் கையைத் தொட்டவர் யார் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் சொல்வதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை.

தில்லி கன்டோன்மென்ட்டில் 2021-இல் இந்திய-கொரிய நட்புறவுப் பூங்கா திறந்தார்கள். ஜெனரல் திம்மய்யாவுக்கு அங்கே சிலை உண்டு. சண்டை நின்ற பிறகு, சொந்த நாட்டுக்குத் திரும்ப மாட்டோம் என்ற போர்க்கைதிகள் 22 ஆயிரம் பேருக்கு மேல் நம் படையின் காவலில் இருந்தார்கள். அந்தக் கைதிகள் விஷயத்தைக் கவனித்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைவர் அவர். எந்தப் பக்கமும் வேண்டாம் என்ற 88 பேரைக் கப்பலில் மெட்ராஸுக்குக் கொண்டுவந்து, இதே தில்லியில் தங்க வைத்தார்கள். அது 1954. வயசுப் பையன்கள். எந்த ஊரைச் சொந்தம் என்று சொல்வார்கள், பாவம்.

கொரியம்_படிக்கிறேன்

ஆன்ட்டி, நான் ஜேஎன்யூவில் கொரிய மொழி படிக்கிறேன். "யுகியோ" என்றால் ஆறு-இரண்டு-ஐந்து. ஆறாம் மாதம், இருபத்தைந்தாம் தேதி. போருக்கே அவர்கள் தேதியைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள். வெறும் சோற்று உருண்டையும் அவித்த கிழங்கும் அந்த நாளில் சாப்பிடுவது, அன்று வேறு எதுவும் கிடைக்கவில்லை என்பதை மறக்காமல் இருக்கத்தான்.

அவர் ஏறிய கப்பல் ஹங்னாம் துறைமுகத்திலிருந்து கிளம்பியிருக்கும். ஹாம்ஹங்குக்குப் பக்கம் அதுதான். ஏறக்குறைய ஒரு லட்சம் பொதுமக்கள் அங்கிருந்து வெளியேறினார்கள். ஒரே ஒரு சரக்குக் கப்பலில் 14,000 பேர் நின்றுகொண்டே கோஜே தீவு வரை போனார்கள். வழியில் ஐந்து குழந்தைகள் பிறந்தன.

1953 ஜூலை 27-இல் கையெழுத்தானது போர்நிறுத்தம்தான். சமாதான உடன்படிக்கை இன்னும் இல்லை. அதனால் கடிதம்கூடப் போகாது. 1983-இல் கேபிஎஸ் தொலைக்காட்சி, பிரிந்த குடும்பங்களைத் தேடி 138 நாள் நேரடி ஒளிபரப்பு செய்தது. தழும்பு, செல்லப்பெயர், வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணறு என்று அடையாளம் சொல்லிச் சொல்லி 10,000-க்கு மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. ஆனால் அது தெற்குக்குள் தொலைந்தவர்களுக்குத்தான் உதவியது. வடக்கில் விட்டுவந்தவர்களைப் பார்க்க 2000-க்குப் பிறகு நடந்த சந்திப்புகளில் இடம் கிடைத்தவர்கள் மிகக் கொஞ்சம். கடைசிச் சந்திப்பு 2018-இல். பதிவு செய்தவர்கள் 1,30,000-க்கு மேல், பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள்.

தயவுசெய்து "திரும்பிப் போக ஆசையா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஹல்மோனி" என்று கூப்பிடுங்கள், பாட்டி என்று அர்த்தம். "கோஹியாங்" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். சொந்த ஊர். அந்த ஒரு சொல் போதும், பேசத் தோன்றினால் அவரே பேசுவார்.

வன்னியாள்

அக்கா, நான் கிளிநொச்சிப் பக்கம். இப்ப தில்லியில் வேலை. நீங்கள் மைசூர்பாகு வைத்ததை நினைத்து நொந்துகொள்ள வேண்டாம். ஒவ்வொரு மே 18-உம் என் அறையில் கஞ்சி வைப்பேன். அரிசி, தண்ணி, உப்பு. முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்களில் எங்களுக்குக் கிடைத்தது அதுதான். கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனத்தின் மேலேயே ஷெல் விழுந்தது. கூட இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கோப்பை கொடுப்பேன். "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். எனக்குக் கோபம் வந்ததில்லை. ஒருத்தி மட்டும் ஒன்றும் கேட்காமல் முழுவதும் குடித்துவிட்டு, அடுத்த வருஷம் மே மாதம் தானே வந்து அரிசி களைந்து தந்தாள். அவளை மறக்க மாட்டேன்.

என் அம்மா அண்ணாவின் படத்தோடு இன்னும் ரோட்டோரம் குந்தியிருக்கிறா. காணாமல் போனவர்களின் தாய்மார் 2017-இல் தொடங்கிய போராட்டம். உங்கள் கொரியப் பாட்டி என் அம்மாவுக்கு நல்லா விளங்கும் ஆள். அடுத்த ஜூன் 25-க்கு நீங்களும் மேலே போய் உருண்டை பிடியுங்கோ அக்கா.

வசந்த்குஞ்ச்_வாசி

எல்லோருக்கும் நன்றி. வன்னியாள், உங்கள் பதிலை என் கணவருக்கு வாசித்துக் காட்ட முயன்றேன், பாதியில் குரல் வரவில்லை. அம்மாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

நேற்று மாலை பெஞ்சில் "ஹல்மோனி, கோஹியாங்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு என் பேனாவை வாங்கி, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒரு வீடு வரைந்தார். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக வட்டங்கள். எண்ணிக் காட்டினார், ஒன்பது. மருமகள் வந்து விளக்கினார். மண்ணில் புதைத்த கிம்ச்சி ஜாடிகளாம். முட்டைக்கோசில் போடும் அவர்கள் ஊறுகாய். குளிர்காலம் முழுவதற்கும் குடும்பமே உட்கார்ந்து போட்டு முடித்திருந்தார்கள். அவர்கள் ஊரில் மீனும் சேர்ப்பார்களாம். அத்தனையும் நிறைந்தபடி இருக்க, கிளம்பிவிட்டார்கள். "நாங்கள் பசியில் இருந்தபோதெல்லாம் என் அம்மா அந்த ஒன்பது ஜாடியைத்தான் பேசுவாள். அப்பாவும் அண்ணனும் அதைச் சாப்பிட்டிருப்பார்கள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை" என்றாராம்.

பெரியவரே, நீங்கள் எழுதியதை மருமகளிடம் சொன்னேன். அவர் கொரிய மொழியில் சொல்லச் சொல்லப் பாட்டி தன் முழங்கையைத் தடவிக்கொண்டே கேட்டார். பூங்காவுக்குக் கூட்டிப்போக முடியுமா என்று விசாரிக்கிறோம்.

இன்று காலை ஐஎன்ஏ மார்க்கெட்டில் நீள முட்டைக்கோசு நான்கும் முள்ளங்கியும் வாங்கி வந்தேன். பாட்டியும் நானும் பிளந்து, கல்லுப்பு தூவி, என் வீட்டுப் பெரிய அண்டாவில் ஊற வைத்திருக்கிறோம். நாளை விடியற்காலையில் அலசிப் பிழிய வருவார்.