உரத்துப் பாடாத ப்ளூஸ்: சார்லஸ் பிரவுனைக் கேட்ட அனுபவங்கள்

அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸின் தொடக்ககாலப் பதிவுகள் வழியாகத்தான், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸைப் பாடி, பியானோவும் வாசித்த சார்லஸ் பிரவுனிடம் நான் வந்து சேர்ந்தேன். இளமையில் பாடகர் நாட் கிங் கோலையும் பிரவுனையும் பின்பற்றியே பாடியதாக ரே சார்ல்ஸ் வெளிப்படையாகச் சொல்லியிருப்பதால், மூலத்தையே கேட்டுவிடலாம் என்று 'டிரிஃப்டிங் ப்ளூஸ்' பாடலைத் தேடி எடுத்தேன். ஜானி மூரின் த்ரீ பிளேசர்ஸ் குழுவுக்காக 1945இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிரவுன் பாடிய பாடல் அது. ப்ளூஸ் என்றால் தொண்டை கிழியப் பாடுவது என்றே நான் எண்ணியிருந்தேன். இவரோ குரலை ஓரிடத்திலும் உயர்த்தாமல், சொற்களைத் தாளத்துக்குச் சற்றுப் பிந்தவிட்டு, துயரத்தை அருகில் அமர்ந்து சொல்பவரைப் போலப் பாடுகிறார். அன்று இரவு அந்த ஒரு பாடலைத் தவிர வேறெதையும் என்னால் கேட்க முடியவில்லை.

*

மேலே நண்பர் எழுதியது உண்மை. பியானோ பயில்பவள் என்ற முறையில் என்னை ஈர்த்தது அவருடைய கைகளின் பொறுமை. பாடும் வரி முடிந்த பிறகே பியானோ பதில் சொல்கிறது. குரலை அது ஒருபோதும் முந்துவதில்லை. டெக்சஸில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, 1942இல் வேதியியல் பட்டம் பெற்று, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய பின் இசைக்கு வந்தவர் அவர். தனிப்பாடகரான பின் வெளியான 'டிரபிள் ப்ளூஸ்' 1949இல் 15 வாரங்களும், 'பிளாக் நைட்' 1951இல் 14 வாரங்களும் அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடல்களின் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தன. அப்படிப்பட்டவரை, ஆரவாரமான ராக் அண்ட் ரோல் இசை வந்த சில ஆண்டுகளிலேயே இசை வணிகம் ஒதுக்கிவிட்டது. எந்த மென்மைக்காகக் கொண்டாடினார்களோ, அதற்காகவே ஒதுக்கினார்கள் என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. இடையில் 1960இல் வெளியான அவருடைய ஒரு கிறிஸ்துமஸ் பாடல் மட்டும் ஆண்டுதோறும் ஒலித்துக்கொண்டிருந்தது.

1990இல் பாடகி போனி ரெய்ட் தம் இசைச் சுற்றுப்பயணத்தில் அவரைச் சேர்த்துக்கொண்ட பிறகே பெரிய அரங்குகள் மீண்டும் திறந்தன. அதே ஆண்டின் 'ஆல் மை லைஃப்' தொகுப்பில், அறுபதைக் கடந்த அந்தக் குரல் இளமைக்காலப் பதிவுகளைவிட ஆழமாக இருப்பதாகவே எனக்குப் படுகிறது. புதிதாகக் கேட்பவர்கள் முதலில் 'பிளாக் நைட்' பாடலையும், உடனே இந்தத் தொகுப்பையும் கேட்க வேண்டுகிறேன்.