மலேசியத் திறன் சான்றிதழ் (எஸ்கேஎம்) வாங்க மேடை ஏறியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பட்டர்வொர்த்காரன்:
மேடையில் வாங்கிய சான்றிதழ்க் குழாய்க்குள் ஒன்றும் இல்லை. அசல் பிறகு வரும் என்றார்கள், அது எல்லா இடத்திலும் நடப்பதுதான், விடுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. பினாங்கு பிறையில் வெல்டிங் பார்க்கிறேன், பிபிடி (முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறை) வழியாகப் பழைய வேலையையெல்லாம் கோப்பு போட்டுக் காட்டி எஸ்கேஎம் மூன்றாம் நிலை எடுத்தவன். பிரமுகர் கை குலுக்கும்போது என் உள்ளங்கைத் தழும்பு தட்டுப்பட்டது போல, சட்டென்று கையை உருவிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பின்னால் பேனரில் திறனாளிகளுக்குப் பாராட்டு. தவுக்கே (முதலாளி) அந்தப் போட்டோவை ஆபீஸில் மாட்டிவிட்டார், சம்பளம் மட்டும் ஏறவில்லை.

செந்தூல்வாசி:
உங்களுக்கு மேடை வேண்டாம், எனக்கு அதுதான் வேண்டியிருந்தது அண்ணே. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு முடி வெட்டவா போகிறாய் என்று முகம் கொடுத்துப் பேசாத அப்பா, என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றுவிட்டார். பின் வரிசைக்காரர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. காலிக் குழாயாக இருந்தால் என்ன?

ஏர்கான் தம்பி:
எனக்குப் பெரிய கதை இல்லை. ஜூன் 2 தேசிய டிவெட் (தொழிற்பயிற்சிக் கல்வி) தினத்துக்கு டி-சட்டை கொடுத்து வெயிலில் நிற்க வைத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எஸ்எல்டிஎன் (தேசிய இரட்டைப் பயிற்சி முறை) என்றால் 70 முதல் 80 விழுக்காடு நேரம் கம்பெனியில்தான், மிச்சம்தான் வகுப்பு, அதனால் அலவன்ஸ் எவ்வளவு என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். லாக் புக்கை (பயிற்சிக் குறிப்பேடு) அன்றன்றைக்கே எழுதி சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள், அவர் வேலை மாறிப் போனால் அப்புறம் யாரைத் தேடுவீர்கள்? மூன்றாம் நிலையோடு நிற்காதீர்கள், நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை மேல்நிலை டிப்ளோமா. ஒயரிங் பழகுபவர்கள் கவனிக்க, எஸ்கேஎம் வேறு, எரிசக்தி ஆணையம் தரும் வயர்மேன் தகுதிச் சான்று வேறு.

பட்டர்வொர்த்காரன்:
தம்பி, இங்கே யார் ஆலோசனை கேட்டது? செந்தூல் தங்கச்சி, அப்பா எழுந்து நின்றது சந்தோஷம்தான். நான் கேட்பது ஒன்றுதான். 2006ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் (652ஆவது சட்டம்) கீழ் வரும் சான்றிதழ் இது, சும்மா கடைக் காகிதம் இல்லை. இதைக் காட்டி சம்பளத்தில் ஐம்பது வெள்ளியாவது (ரிங்கிட்) கூட வாங்கியவர்கள் யாராவது இருந்தால், தவுக்கேயிடம் எப்படிப் பேசினீர்கள் என்று எழுதுங்கள்.