வைப்பர் ஐஸில் ஒட்டிக்கொண்டது, இப்போது ஒரு பக்கம் அசையவே இல்லை. உதவி தேவை

கேட்பவர்: ஸ்கார்பரோவுக்குப் புதுசு

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து கனடாவுக்கு வந்திருக்கிறேன், இது இங்கே என் முதல் குளிர்காலம். வண்டி பத்து வருடப் பழைய செடான், செப்டம்பரில் வாங்கியது. எங்கள் பில்டிங்கில் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங் கிடைக்கவில்லை. வண்டி வெட்டவெளியில்தான் நிற்கிறது.

நேற்று ராத்திரி மழையாகத் தொடங்கி ஐஸாக முடிந்தது. காலை ஏழு மணிக்கு எனக்கு ஷிஃப்ட். ஸ்டார்ட் செய்த உடனே வைப்பர் தானாக ஓடப் பார்த்தது. முந்தின நாள் சுவிட்சை ஆஃப் செய்யாமல் வண்டியை அணைத்துவிட்டேன் போல. ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம், பதறிப்போய் நிறுத்தினேன். கண்ணாடியை முழுக்கச் சுரண்டிவிட்டு மறுபடி போட்டால் பக்கத்து சீட் பக்க வைப்பர் ஒழுங்காக ஓடுகிறது. என் பக்கத்து வைப்பர் செத்த பாம்பு மாதிரி கிடக்கிறது. மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது.

கண்ணாடி கழுவும் தண்ணீரும் வரவில்லை. மோட்டார் போய்விட்டதா? இனி ஒட்டாமல் இருக்க என்ன செய்வது? வேலையிடத்தில் ஒருவர் கெட்டிலில் சுடுதண்ணீர் கொண்டுபோய் ஊற்றச் சொல்கிறார்.

பதில்: மிசிசாகா அக்கா

சுடுதண்ணீர் வேண்டவே வேண்டாம். நான் ஊற்றிப் பார்த்தவள். லாரி டயரிலிருந்து கல் தெறித்து, கண்ணாடியில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி இருந்தது. ஒரு கெட்டில் தண்ணீர்தான் ஊற்றினேன். ‘டிக்’ என்று சத்தம், அந்தப் புள்ளியிலிருந்து, உள்ளே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி இருக்கும் இடம் வரைக்கும் பென்சிலில் இழுத்த மாதிரி விரிசல் ஓடியது. கீழே வழிந்த தண்ணீர் வேறு வைப்பர் அடியில் போய் மறுபடி உறைந்தது. வந்த முதல் வருடத்தில் அதற்குச் செலவழித்த காசை இன்னும் மறக்கவில்லை.

பதில்: வேறொருவர்

வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் ஒன்றும் ஆகாது. நான் பல வருடமாகச் செய்கிறேன்.

பதில்: மிசிசாகா அக்கா

உங்கள் கண்ணாடியில் கீறலோ புள்ளியோ இல்லை போல. அவர் வாங்கியிருப்பது பழைய வண்டி. நம்பி ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில்: கராஜ்காரர்

தம்பி, மோட்டார் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்கோ. மோட்டார் சத்தம் கேட்குது, மற்றப் பக்கம் ஓடுது என்றால் ஃபியூஸும் போகவில்லை. உங்கட பக்க வைப்பர் கைதான் அதைச் சுற்றும் தண்டிலிருந்து நழுவியிருக்கு.

வைப்பர் கையின் அடியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்தால் உள்ளே ஒரு நட். வண்டியைப் பொறுத்து 13, 14 அல்லது 15 எம்எம் சாவி (ஸ்பேனர்) பிடிக்கும். அந்தத் தண்டில் நுணுக்கமான பற்கள் உண்டு, தண்டு எஃகு. கையின் அடிப்பாகம் பெரும்பாலும் மெத்தென்ற உலோகம். ரப்பர் ஐஸோடு பிடித்துக்கொண்டு நிற்க மோட்டார் தள்ளினால், நட் கொஞ்சம் தளர்ந்தாலே போதும், கையை விட்டுவிட்டுத் தண்டு மட்டும் சுற்றும்.

முதலில் வைப்பரை ஓடவிட்டு, ஆஃப் செய்து, தண்டு தன் இடத்துக்கு வந்து நிற்கவிடுங்கோ. பிறகு நட்டைக் கழற்றி, பற்களுக்குள் அப்பிக் கிடக்கும் தூளைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கோ. மற்ற வைப்பர் படுத்திருக்கும் உயரத்துக்கு இந்தக் கையை வைத்து இறுக்குங்கோ. முழுப் பலத்தையும் காட்ட வேண்டாம். பற்கள் முழுக்கத் தேய்ந்து மழமழவென்று இருந்தால் கையையே மாற்ற வேணும்.

தண்ணீர் வராததற்குக் காரணம் வேறு. டேங்கில் என்ன ஊற்றியிருக்கு?

கேட்பவர்

அண்ணா, மிக்க நன்றி! மூடி இருந்த இடமே எனக்குத் தெரியாது. டேங்கில் ஏற்கெனவே இருந்த நீலத் தண்ணீர்தான், நான் ஒன்றும் ஊற்றவில்லை. நீலமாக இருந்தால் உறையாது என்று நினைத்தேன்.

பதில்: கராஜ்காரர்

நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. கோடைக்கு வரும் வாஷர் ஃப்ளூயிடும் நீலமாக இருக்கும், பூச்சி எச்சம் கழுவத்தான் அது. குளிருக்கு ஜாடியில் மைனஸ் 40 அல்லது அதற்கும் கீழே என்று போட்டிருக்கிறதாகப் பார்த்து வாங்குங்கோ. பழையதன் மேலேயே புதியதை ஊற்றினால் கலந்து வலு குறைஞ்சு போகும்.

உறைந்து கிடக்கும்போது தண்ணீர் பீய்ச்சும் லீவரை இழுத்து இழுத்துப் பார்க்காதீங்கோ, பம்ப் ஃபியூஸ் போகும். ஏதாவது மாலின் அண்டர்கிரவுண்டில் இரண்டு மூன்று மணி நேரம் வண்டியை விடுங்கோ. இளகினதும் பழையதைப் பீய்ச்சித் தீர்த்துவிட்டு புதியதை ஊற்றுங்கோ. ஊற்றின பிறகும் கொஞ்ச நேரம் பீய்ச்ச வேணும், குழாய்க்குள்ளே பழையது நிற்கும். அந்தப் புதியது மெத்தனால் கலந்த விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கோ.

பதில்: கல்கரியிலிருந்து

ரிப்பேர் கதை முடிந்தது, ஒட்டாமல் இருக்கும் வழிக்கு வருவோம். இங்கே மைனஸ் 25-இல் விழும் பனி மாவு மாதிரி இருக்கும், ஊதினால் பறக்கும், எதிலும் ஒட்டாது. வம்பு செய்வது பூஜ்யத்தை ஒட்டிய குளிர்தான். ஹீட்டரைக் கண்ணாடிக்குத் திருப்பிவிட்டு வீட்டுக்கு வருகிறோம், கண்ணாடி சூடாக இருக்கிறது. அதன்மேல் விழும் பனி உருகி, வழிந்து, வைப்பர் ரப்பருக்கு அடியில் தேங்கி, ராத்திரியில் கல்லாகிவிடுகிறது. காலையில் நாம் திட்டும் ஐஸ் நேற்று சாயங்காலம் நாமே செய்து வைத்தது!

அதனால் வீடு வர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஹீட்டரை அணைத்துவிடுவேன். நிறுத்தியதும் கதவை ஒரு நிமிடம் திறந்துவைத்து உள்சூட்டை வெளியேற்றுவேன். வீட்டுக்காரிக்கு இது பிடிக்காது, ஆனால் வைப்பர் ஒட்டுவது பாதியாகக் குறைந்தது. வானம் தெளிவாக இருக்கும் ராத்திரியில் காற்று பிளஸ் 2 காட்டினாலும் கண்ணாடியில் உறைபனி படியும். கண்ணாடி தன் சூட்டை நேரே வானத்துக்கு விட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோவதுதான் காரணம். ஒரு மரத்தடி அல்லது சுவரோரம் கிடைத்தாலும் வித்தியாசம் தெரியும்.

பதில்: மொன்றியல் அண்ணா

இவ்வளவு எதற்கு? இரவில் வைப்பரைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போங்கள். எங்கள் தெருவில் எல்லா வண்டியும் வெட்டுக்கிளி மாதிரி கொம்பை நீட்டிக்கொண்டுதான் நிற்கும்.

பதில்: கல்கரியிலிருந்து

உங்கள் ஊரில் சரி. இங்கே சினூக் காற்று (மலையிலிருந்து இறங்கி வரும் பலத்த வெப்பக் காற்று) அடித்தால் தூக்கி வைத்த கை ‘பட்’டென்று கண்ணாடியில் விழும். பிளேடு இல்லாத வெறும் கையாக இருந்தால் கண்ணாடி போச்சு. ஐஸ் மழை வரப்போகிறது, காற்று இல்லை என்றால் மட்டும் தூக்குவேன். ஹூட்டுக்கு (பானெட்டுக்கு) அடியில் ஒளிந்திருக்கும் வைப்பரை அப்படியே இழுக்கவும் கூடாது, பெயிண்ட் போகும். அதை மேலே கொண்டுவரத் தனியாக ஒரு முறை உண்டு, வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

பதில்: மிசிசாகா அக்கா

தூக்க மனமில்லாவிட்டால் கண்ணாடிக்கு ஒரு உறை வாங்கிப் போட்டு ஓரங்களைக் கதவில் மாட்டிவிடுங்கள். என் அனுபவத்தில் பழைய சாக்ஸ் மாட்டுவது வேஸ்ட். நனைந்தால் சாக்ஸும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், காலையில் அதையும் பிய்க்க வேண்டும்.

அப்புறம் ஸ்ப்ரே பாட்டிலில் மருந்துக்கடை 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. காலையில் ரப்பர் நெடுக அடித்துவிட்டு இரண்டு நிமிடம் விட்டால் கையால் எடுக்கலாம். பாட்டிலை வீட்டுக்குள் வையுங்கள். காருக்குள் வைத்தால் ஐஸ் பிடித்த கதவைத் திறந்து அதை எடுப்பதே பெரும்பாடு.

கேட்பவர் (இரண்டு நாள் கழித்து)

வேலை முடிந்தது! மூடியை எடுத்தால் நட்டை விரலாலேயே திருக முடிந்தது. பற்களுக்கு நடுவே வெள்ளி மாவு மாதிரி தூள், பல் தேய்க்கும் பிரஷிலேயே எடுத்துவிட்டேன். இப்போது இரண்டும் ஓடுகின்றன. மாலில் இரண்டரை மணி நேரம் சுற்றியதில் தண்ணீரும் இளகியது, ஒரு ஜாக்கெட் வாங்கியதுதான் கூடுதல் செலவு. நேற்றிலிருந்து வைப்பரை ஆஃப் செய்த பிறகுதான் வண்டியை அணைக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம், அண்ணா. என் பக்கத்து வைப்பர் மேலே போகும்போது ஓரத்துத் தூணில் ‘டொக்’ என்று லேசாக இடிக்கிறது. படுத்திருக்கும்போதும் மற்றதைவிட இரண்டு விரல் உயரம். இப்படியே விடலாமா?

பதில்: கராஜ்காரர்

விடக் கூடாது, இடிச்சு இடிச்சு நட் மறுபடியும் தளரும். கழற்றி ஒரு பல் கீழே இறக்கி மாட்டுங்கோ. அது போதாவிட்டால் இன்னும் ஒன்று. கண்ணாடியை நனைச்சுவிட்டு ஓட்டிப் பாருங்கோ, காய்ந்த கண்ணாடியில் ஓட்ட வேண்டாம்.