கண்ணாடி இழை கலந்த நைலான் மூடிக்கு கேட்டை எங்கே வைப்பது?

நண்பர்களுக்கு வணக்கம். 30 சதவீதக் கண்ணாடி இழை கலந்த நைலான் 66-இல் வார்க்கப்படும், 2.5 மி.மீ. சுவர்த் தடிமன் கொண்ட நீள்சதுர மோட்டார் மூடி ஒன்றின் மோல்டில் (வார்ப்பு அச்சில்), கேட்டின், அதாவது உருகிய பொருள் அச்சுக்குள் நுழையும் வாயிலின், இடத்தை மாற்றுவது குறித்து உங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது. இப்போது நீளப் பக்கத்தின் நடுவில் எட்ஜ் கேட் (விளிம்பு வாயில்) இருப்பதால், உருகிய பொருள் திருகுத் துளையைச் சுற்றிப் பிரிந்து மறுபுறம் சேரும் இடத்தில் வெல்டு லைன் விழுகிறது. இழைகள் அந்தக் கோட்டைக் கடந்து பின்னிக்கொள்ளாததால், திருகை இறுக்கும்போது சரியாக அங்கேதான் விரிசல் காண்கிறது. மோல்டின் வெப்பநிலையை உயர்த்தியதில் கோடு மங்கியதே தவிர, வலிமை கூடவில்லை (மேற்பரப்பு மட்டும் பளபளப்பாகிவிட்டது, யாரும் கேட்காத வரம்).

குறுகிய பக்கத்தில் ஃபேன் கேட் (விசிறிபோல் விரியும் வாயில்) அமைத்தால் இழைகள் நீளவாக்கில் அமைந்து, ஆறும்போது மூடி வளைந்துபோவது குறையும் என்பது என் கணிப்பு. ஆனால் வெல்டு லைன் துளையின் வேறு பக்கத்துக்கு நகருமே ஒழிய மறையாது. துளையில்லாமல் வார்த்துவிட்டுப் பின்னர் துளையிடுவது செலவுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே, வெல்டு லைனை ஒட்டி ஓவர்ஃப்ளோ டேப் (உருகிய பொருள் வழிந்து சேர, மூடிக்கு வெளியே விடும் சிறு குழி) வைத்துப் பார்த்தவர்கள் அதன் அளவையும் இருப்பிடத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன். கேட்டின் தடிமன் சுவர்த் தடிமனில் 60 சதவீதம் இருந்தால் போதுமா, அல்லது இழைகள் உடையாதிருக்க இன்னும் கூட்ட வேண்டுமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.