பீர் காய்ச்சுற அண்டாவுல அழியாத லிட்டர் கோடு போடணும், அவசரம்

அண்டா_மிசிசாகா:
வணக்கம் மக்களே, சனிக்கிழமை அடுத்த பேட்ச் போடணும் அதான் அவசரமா கேக்குறேன். போன தடவை கொதி முடிஞ்சதும் 19 லிட்டர் நிக்கணும், கண்ணளவுல பாத்து அடுப்ப அணைச்சுட்டேன், ஃபெர்மென்டர்ல (புளிக்க வைக்கிற பாத்திரம்) ஊத்துனா 21 வருது. ஓஜி (புளிக்கிறதுக்கு முன்னாடி சாறோட அடர்த்தி) 1.050 வரவேண்டியது 1.045லயே நின்னுடுச்சு. மார்க்கர் பேனாவுல போட்டிருந்த கோடெல்லாம் ஒரே கொதியில போயிடுச்சு. நிரந்தரமா கோடு போட என்ன வழி? 10 கேலன் பாத்திரம்.

நுரைத்தம்பி:
ஸ்டீலா அலுமினியமா ப்ரோ? கோடு உள்ளயா வெளியயா? பாத்திரம் எவ்ளோ அகலம்? இதெல்லாம் சொல்லாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

ஹாப்ஸ்பிரியன்:
ரொம்ப ஈஸி, காந்தம் வச்சுப் பாருங்க. ஒட்டுனா ஸ்டீல், ஒட்டலன்னா அலுமினியம்.

கெட்டில்_வாத்தியார்:
தெரியாம சொல்லிக் கொடுக்காதீங்க. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்லயும் காந்தம் ஒட்டாது, அலுமினியத்துலயும் ஒட்டாது. இண்டக்‌ஷன் அடி வச்ச பாத்திரம்னா அடியில மட்டும் ஒட்டும். இதை எத்தனை தடவை எழுதுறது? பழைய இழைகளை ஒரு தரம் படிச்சுட்டு வந்து கேட்டா எல்லாருக்கும் நேரம் மிச்சம்.
ஸ்டீல்னா மட்டும் மேல படிங்க. 9 வோல்ட் பேட்டரி, வெள்ளை வினிகர் கால் கப், அதுல உப்பு கால் ஸ்பூன், காது குடையுற பட்ஸ். உள்பக்கத்தை எண்ணெய்ப் பிசுக்கில்லாம கழுவித் துடைச்சுட்டு, கோடும் எண்ணும் வெட்டுன டேப்பை ஒட்டுங்க. ஒரு வயர் பாத்திரத்துல, இன்னொண்ணு வினிகர்ல நனைச்ச பட்ஸ்ல. தொட்டுத் தொட்டு எடுத்தா சொர்ர்ருனு நுரைச்சு உலோகம் அரிச்சு அந்த இடம் மங்கி நிக்கும். ஜன்னலத் திறந்து வைங்க, பட்ஸ் கருத்துப் போனா மாத்திடுங்க.

ஸ்கார்பரோ_பெரியவர்:
தம்பி, உந்தக் கரைச்சல் எல்லாம் ஏன்? நான் எட்டு வருசமா நீட்டு மரக்கரண்டியிலதான் வெட்டு வச்சிருக்கிறன். தண்ணி ஊத்தி ஊத்தி ஒவ்வொரு வெட்டா போட்டது. கொதிக்கேக்க விட்டுப் பாத்தா வடிவா தெரியும்.

கெட்டில்_வாத்தியார்:
கரண்டி அந்த ஒரு பாத்திரத்துக்கு மட்டும்தான் சரி வரும், பாத்திரம் மாறினா வெட்டும் தப்பு. அவர் கேட்டது அழியாத கோடு.

ஸ்கார்பரோ_பெரியவர்:
நான் பாத்திரம் மாத்தேல்லை. 10 கேலன் எண்டு சொன்னவர், அது எந்த கேலன் எண்டு முதல் கேளுங்கோ. இம்பீரியல் எண்டால் 45 லிட்டருக்கு மேல வரும்.

நுரைத்தம்பி:
இப்ப இங்க கடையில விக்கிற கெட்டில் பெரும்பாலும் அமெரிக்க கேலன்தான், 3.785 லிட்டர். பத்துக்கு 38 கூட வராது.

ஸ்கார்பரோ_பெரியவர்:
நீங்கள் பழைய இங்கிலாந்து ரெசிப்பி பாத்து காய்ச்சிப் பாருங்கோ, அப்ப தெரியும். அதுல 5 கேலன் எண்டால் 22.7 லிட்டர், உங்கட கணக்குல 19. பிறகு பீர் ஸ்ட்ரோங்கா போச்சு எண்டு ஈஸ்ட்டைக் குறை சொல்லுவியள். ஒரு கேலன் பேரை ரெண்டு நாடு ரெண்டு அளவுக்கு வச்சதுதான் பிரச்சினையே.

ஹாப்ஸ்பிரியன்:
லிட்டர்ல வேலை பாத்தா இந்த சண்டையே இல்லையே ஐயா.

நுரைத்தம்பி:
அளவு குறிக்கும்போது ஜக்குல இருக்குற கோட்டை நம்பாதீங்க. கிச்சன் தராசுல ஜக்கை வச்சு சைபர் பண்ணிட்டு தண்ணியை எடை போட்டு ஊத்துங்க, ஒரு கிலோ ஒரு லிட்டர், வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. பாத்திரத்தை முதல்ல ரசமட்டம் வச்சு சமமா நிறுத்துங்க, இல்லன்னா ஒரு பக்கம் கோடு ஏறி நிக்கும். இன்னொண்ணு, இது பச்சைத் தண்ணி கோடு. கொதிக்கிற வோர்ட் (புளிக்காத மால்ட் சாறு) 4 சதவீதம் உப்பி இருக்கும், கோடு 25 காட்டுனா ஆறினதும் 24 தான்.

ஹாப்ஸ்பிரியன்:
அதான் அவருக்கு 2 லிட்டர் கூட வந்திருக்கும்!

கெட்டில்_வாத்தியார்:
உப்பினா ஆறின பிறகு குறையும், கூடாது. அவருக்கு கொதி பத்தல, அவ்ளோதான்.

அண்டா_மிசிசாகா:
சாரி வேலையில மாட்டிக்கிட்டேன். ஸ்டீல்தான், அடியில 304னு குத்தியிருக்கு. உள் அகலம் 36 செ.மீ. உள்பக்கம்தான் வேணும். நேத்து ராத்திரி பேட்டரி வச்சுப் பாத்தேன், குமிழா வருது, பாத்திரம் அப்படியே பளபளன்னு இருக்கு, ஒரு கீறல் கூட விழல. வினிகர் சரியில்லையோ?

நுரைத்தம்பி:
36னா ஒரு செ.மீ உயரம் கிட்டத்தட்ட ஒரு லிட்டர், கணக்கு சுலபம். ரெண்டு மில்லிமீட்டர் தப்பு போட்டா 200 மில்லி கிட்ட போயிடும், பாத்துக்கோங்க. எந்த வயர் எதுல வச்சீங்க?

அண்டா_மிசிசாகா:
சிவப்பு பட்ஸ்ல, கருப்பு பாத்திரத்துல.

கெட்டில்_வாத்தியார்:
தலைகீழ். பிளஸ் பாத்திரத்துக்குப் போகணும், மைனஸ் பட்ஸுக்கு. பிளஸ்ல இருக்குற உலோகம்தான் அரிக்கும், நீங்க பட்ஸ்ல இருக்குற வயரைத்தான் அரிக்க விட்டிருக்கீங்க. வினிகரை மாத்த வேண்டாம், வயரை மாத்துங்க. எந்த வயர் எதுக்குன்னு நான் முதல்லயே எழுதியிருக்கணும்.

ஸ்கார்பரோ_பெரியவர்:
கரண்டிக்கு பிளஸும் இல்லை மைனஸும் இல்லை தம்பி.

அண்டா_மிசிசாகா:
மாத்திப் போட்டேன், அரிச்சுடுச்சு! விரலால தடவுனா கோடு லேசா சொரசொரன்னு தெரியுது. 10லேர்ந்து 35 வரைக்கும் அஞ்சு அஞ்சா போட்டாச்சு. எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

நுரைத்தம்பி:
சூப்பர். உப்பு வினிகரை நல்லா கழுவிட்டீங்களா? உப்பு தங்குனா ஸ்டீல்ல புள்ளி புள்ளியா துரு விழும். கழுவுன பிறகு சிட்ரிக் ஆசிட் கரைசல்ல ஒரு தடவை ஊற வச்சா இன்னும் நல்லது.

நுரைத்தம்பி:
அண்ணா, சனிக்கிழமை பேட்ச் என்ன ஓஜி வந்துச்சு?