நேரம் தப்பி வர்ற அணை மட்ட ரீடிங், டேட்டா வேர்ஹவுஸ்ல (அலசிப் பாக்கத் தகவலச் சேத்து வைக்க டேட்டாபேஸ்) எப்படி வைக்க?

நெல்லைத்தம்பி: அண்ணாச்சி, 143 அடி பாபநாசம், 118 அடி மணிமுத்தாறு ரெண்டு அணைக்கும் தண்ணி மட்ட ரீடிங்க டேபிள்ல ஏத்துதேன், சும்மா நாள்ல ஒரு ரீடிங்தான், ஐப்பசி மழைல மணிக்கொண்ணு வருது, மாச சராசரி எடுத்தா வெள்ள நாளே தூக்கலா நிக்கு. ரீடிங் இல்லாத நேரத்துக்கும் மணிக்கொரு ரோ (டேபிள்ல ஒரு வரி) போட்டு நிரப்பிரட்டா?

பாளைக்காரன்: நிரப்பாதீங்க தம்பி, பொறவு எது நெசமா அளந்ததுன்னே தெரியாது. ஒரு ரீடிங்குக்கு ஒரு ரோ, அளந்த நேரமும் லோடு ஆன நேரமும் தனித்தனியா வைங்க, லீட் ஃபங்ஷன் (அடுத்த ரோல உள்ளத எடுத்துத் தர்ற SQL ஃபங்ஷன்) வச்சு அடுத்த ரீடிங் வரைக்கும் எத்தன மணி நேரம்னு எடுத்து மட்டத்தோட பெருக்கிக் கூட்டி மொத்த நேரத்தால வகுத்துருங்க. 130 அடி 18 மணி நேரம், 136 அடி 6 மணி நேரம்னா 131.5 வரும், நேரத்தப் பாக்காம ரெண்டையும் கூட்டி சும்மா ரெண்டால வகுத்தா 133. எவ்வளவு தப்பு பாருங்க!

அம்பைவாசி: மழையளவுக்கு இது ஆகாது, அது இடைப்பட்ட நேரத்துல சேந்தது, கூட்டத்தான் செய்யணும். அதுக்குத் தனி டேபிளே நல்லது.

நெல்லைத்தம்பி: மட்டம், மழையளவு ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டேன் அண்ணாச்சி, இன்னைக்கே பிரிச்சுருதேன்.