புதுப்பிப்பு: ராதகோந்த் லம்பேர் மிக்மாக் பெண்ணா? விடை கிடைத்தது

என் மாமியாரின் தாய்வழி மூதாதை ராதகோந்த் லம்பேர். இன்றைய நோவா ஸ்கோஷியாவில், அதாவது அன்றைய அகாடியாவில், குடியேறிய ழான் பிளான்ஷாரின் மனைவி. அவர் மிக்மாக் பழங்குடிப் பெண்ணா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "பொது டிஎன்ஏ சோதனை வேண்டாம், மைட்டோகாண்ட்ரியா முழு வரிசை எடுங்கள்" என்ற யோசனைதான். பத்துப் பன்னிரண்டு தலைமுறை தாண்டியவரின் பங்கு பொதுச் சோதனையில் தெரியாமலே போகலாம். மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்பில் இருக்கும் டிஎன்ஏவோ தாயிடமிருந்து மகளுக்கு ஏறக்குறைய அப்படியே இறங்குகிறது. அத்தையின், அதாவது மாமியாரின், உள்கன்னத்தில் நானே பஞ்சுக்குச்சி தேய்த்து அனுப்பினேன்.

முடிவு எக்ஸ்2பி4 என்ற தாய்வழி மரபுக் குழு. எக்ஸ் என்ற எழுத்தை மட்டும் பார்த்துப் பழங்குடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வட அமெரிக்கப் பழங்குடியினரிடம் காணப்படுவது எக்ஸ்2ஏ. நமக்கு வந்தது ஐரோப்பியக் கிளை. ராதகோந்தின் தாய்வழியில் முன்பு சோதித்த மற்றவர்களுக்கும் இதேதான்.

எதிர்பாராத ஒன்று: 1671 கணக்கெடுப்பில் ராதகோந்துக்கு வயது 42, 1686-இல் 65! அகாடியாவின் போர் ரொயால் ஊர்த் தேவாலயப் பதிவேடுகள் 1702 முதல்தான் மிஞ்சியிருக்கின்றன, அதனால் சரிபார்க்க வழியில்லை. பிறந்த ஆண்டை 1621 அல்லது 1629 என்றே குறித்திருக்கிறேன்.

அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மிக்மாக் மூதாதை என்பது அவர் பாட்டி மடியில் கேட்ட கதை.